23 மில்லிமீட்டர் பல்லும் கல்லமேட்டு எலும்பும்: மெந்தகாப் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: காராக் சாலை

கோலாலம்பூரிலிருந்து பகாங் மாநிலத்து மெந்தகாப் வரும் பேருந்தில் இடது ஜன்னலோர இருக்கையைப் பிடியுங்கள். சாலைக்காக வெட்டிய மலைச்சரிவு அந்தப் பக்கம்தான் நெருங்கி வரும். கெந்திங் செம்பா சுரங்கப்பாதை வரை கிரானைட்டும் பழைய எரிமலைப் பாறையும். பெந்தோங் பக்கம் இறங்கியதும் பாறையின் முகமே மாறிவிடும், மடங்கி நசுங்கிக் கிடக்கும். இரண்டு நிலத்துண்டுகளுக்கு நடுவில் இருந்த கடல் மூடிக்கொண்ட தழும்பு அது. நிலவியலார் பெந்தோங்-ராவுப் தையல் என்கிறார்கள்.

காராக் தாண்டியதும் விரைவுச்சாலையை விட்டுவிட்டு, லஞ்சாங் வழியாகத் தெமர்லோ போகும் பழைய சாலையைப் பிடித்தால் செமந்தான் பாறைத்தொகுதி ஓரமெல்லாம் தெரியும். களிப்பாறையும் மணற்பாறையும் மாறி மாறி, எரிமலைச் சாம்பல் கலந்து, அப்பளக் கட்டு மாதிரி அடுக்கியிருக்கும். மழையும் வெயிலும் பட்ட மேல்தோல் மஞ்சளும் காவியுமாக உதிரும். இதில் கிடைப்பது டயோனெல்லா என்ற மெல்லிய சிப்பியும் அம்மோனைட் வகைச் சுருள் சிப்பிகளும். சிப்பியின் மேல் விசிறி மடிப்பு போலக் கோடு ஓடும். டிரயாசிக் காலத்து ஆழ்கடல் சேறு இது.

ஆகவே மெந்தகாப்பில் டைனோசர் எலும்பு தேடுவது வீண். கடலடியில் தரைவிலங்கின் எலும்பு அபூர்வமாகத்தான் சேரும். டைனோசர் கிடைக்கக்கூடிய பாறை, ஆறும் ஏரியும் விட்டுச்சென்ற செந்நிறப் பாறை. அது இங்கிருந்து வடக்கே, பகாங்கின் உட்பகுதியில் இருக்கிறது. அங்கே போக ஜெராண்டுட் வழி. சாலையும் கிழக்குக்கரை ரயிலும் மெந்தகாப்பைத் தொட்டுத்தான் அங்கே போகின்றன. தங்குவதற்கு இந்த ஊர் போதும், தோசையும் கிடைக்கும்.

ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் கித்தாக்காடு, அதாவது ரப்பர் தோட்டம். இப்போது பெரும்பாலும் செம்பனை.

இரண்டாம் நாள்: சாப்பாட்டுக் கடை மேசையில் ஒரு பல்

மலாயாப் பல்கலைக்கழகத்தின் மசாதோஷி சோனே தலைமையிலான குழு, மலேசியாவின் முதல் டைனோசர் புதைபடிவத்தை 2014 பிப்ரவரியில் அறிவித்தது. ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்து ரென் ஹிராயாமாவும் அந்தக் குழுவில் இருந்தார். பகாங்கின் உட்பகுதியில் கிடைத்தது ஒரே ஒரு பல். நீளம் 23 மில்லிமீட்டர், அகலம் 10 மில்லிமீட்டர். பதிவெண் யூஎம்10575. கொள்ளையடித்துவிடுவார்கள் என்பதால் கிடைத்த இடத்தைச் சொல்லவில்லை. ஸ்பைனோசாரிட் குடும்பம், அதாவது மீன் பிடித்துத் தின்ற பெரிய ஊனுண்ணிகளின் குடும்பம் என்று வகைப்படுத்தினார்கள்.

அதே அளவில் பிசினில் வார்த்த ஒரு மாதிரிப் பல்லை மேசையில் வைத்தால், பக்கத்தில் தே தாரிக் குடிக்கும் பெரியவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "முதலப் பல்லா இருக்கப்போவுது தம்பி, ஆத்துல கெடச்சதா?"

கேள்வியில் தவறே இல்லை. இந்தத் துறையில் பாதிச் சண்டை அந்தக் கேள்வியில்தான் நடக்கிறது. 1975இல் சீனாவின் குவாங்சி பகுதியில் கிடைத்த சில பற்களுக்கு சைனோப்ளியோசாரஸ் ஃபுசுயென்சிஸ் என்று பெயரிட்டார்கள். ப்ளியோசார் என்பது கடலில் நீந்திய ஊர்வன. 2008இல் எரிக் பூஃபெத்தோவும் உடன் இருந்தவர்களும் அவற்றைத் திரும்பப் பார்த்து ஸ்பைனோசாரிட் பல் என்று மாற்றினார்கள். தாய்லாந்தின் சயாமோசாரஸ் சுதீதோர்னி 1986இல் பெயர் பெற்றபோது கையில் இருந்தவை 9 பற்கள் மட்டுமே. அது டைனோசர்தானா என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முதலை, மீன் என்றும் சொல்லிப் பார்த்தார்கள்.

பல்லை எப்படிப் பார்ப்பது? வேண்டியவை: வெர்னியர் அளவுகோல், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், கைவிளக்கு. வெர்னியரின் எஃகுத் தாடையில் காகித ஒட்டுநாடாவை ஒரு சுற்று சுற்றிக்கொள்ள வேண்டும். வெறும் எஃகு பட்டால் பற்சிப்பி (பல்லின் எனாமல்) ஓரத்தில் செதில் பெயரும்.

முதலில் பல்லின் அடியில் முன்பின் நீளம். அடுத்து அதே மட்டத்தில் பக்கவாட்டு அகலம். பிறகு உயரம். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து எழுதுங்கள். அகலத்தை நீளத்தால் வகுத்து வரும் எண்ணைத்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். ஸ்பைனோசாரிட் பல் கூம்பு வடிவம் என்பதால் அந்த எண் 1-ஐ நெருங்கும். சதையை அறுக்கும் கத்திப்பல் என்றால் பாதி அளவில் நிற்கும். மூல அடி உடைந்து போயிருந்தால் அளவை மேலே ஏறி எடுக்க வேண்டிவரும், விகிதம் மாறிவிடும். அப்படி எடுத்த எண்ணை அப்படி எடுத்தது என்று குறிக்காமல் பட்டியலில் சேர்ப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்து கூர்விளிம்பு. முன்னும் பின்னும் இரண்டு விளிம்பு. பல்லின் நடுப்பகுதியில் 5 மில்லிமீட்டர் நீளத்தில் எத்தனை ரம்பப்பல் என்று இரண்டு பக்கமும் தனித்தனியே எண்ண வேண்டும். டைரனோசாரஸுக்கு ஒரு மில்லிமீட்டரில் சுமார் 2. இங்கிலாந்தில் 1983இல் கிடைத்த பாரியோனிக்ஸுக்கு ஒரு மில்லிமீட்டரில் 7 வரை, விரல் நகத்தால் தடவினால்தான் தெரியும். ஆப்பிரிக்க ஸ்பைனோசாரஸுக்கு ரம்பமே கிடையாது. இங்கேதான் வழுக்கும். ஆற்று மணலில் உருண்டு தேய்ந்த பல்லிலும் ரம்பம் இருக்காது. பிறவியிலேயே இல்லையா, தேய்ந்து போனதா என்பதை விளக்கைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பின் பள்ளங்களில் மிச்சம் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். மிச்சமும் இல்லை, பல்லின் மற்ற பரப்பும் கண்ணாடி போல மழுங்கியிருக்கிறது என்றால் ரம்பத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

கடைசியாகப் பற்சிப்பியின் மேற்பரப்பு. நீளவாக்கில் முரட்டு வரிகள், அவற்றுக்கிடையே மிக நுண்ணிய சுருக்க வேலைப்பாடு. பகாங் பல்லில் வரிகளும் நுண்வேலைப்பாடும் ரம்ப விளிம்பும் சேர்ந்து இருந்ததை வைத்துத்தான் முதலையை ஒதுக்கினார்கள். ஒன்று மட்டும் இருந்தால் போதாது. மதியம் அதே கடையில் பாத்தின் மீன் குழம்பு. தெமர்லோ வட்டாரத்துக்குப் பேரே அந்த மீனால்தான். அதன் நெஞ்சுத் துடுப்பு முள்ளை எலும்புத் தட்டில் போடுமுன் பின்ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், ரம்பம் இருக்கும். ரம்பம் இருந்தால் டைனோசர் என்றால் அந்தத் தட்டு முழுக்க டைனோசர்.

பல் ஏன் இவ்வளவு கிடைக்கிறது, எலும்பு ஏன் கிடைப்பதில்லை என்று கேட்பார்கள். பற்சிப்பி பெரும்பாலும் கனிமம், அழுகுவதற்கு அதில் அதிகம் இல்லை. அதோடு இந்த விலங்குகள் சாகும்வரை பல் மாற்றிக்கொண்டே இருந்தன. மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ் ஒரு பற்குழியில் ஏறத்தாழ 56 நாளுக்கு ஒரு பல் மாற்றியது என்று பல்லின் வளர்ச்சிக் கோடுகளை எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நூறு பல் கிடைத்தால் நூறு விலங்கு என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் நாள்: மழை, கல்லமேடு

காலையிலிருந்து மழை. எங்கும் போவதற்கில்லை. பழைய தோட்டத்து ஆட்களிடம் பூர்வீகம் கேட்டால் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் சொல்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது, பெரும்பாலோர் கேட்டிராதது.

இன்றைய அரியலூர் மாவட்டத்தில், அன்றைய திருச்சி மாவட்டத்தில், கல்லமேடு. அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து 1980களின் கடைசியில் யாதகிரி, அய்யாசாமி இருவரும் ப்ருஹத்காயோசாரஸ் மேட்லேயி என்று பெயரிட்டார்கள். ப்ருஹத்காயம் என்றால் பேருடல். இடுப்பெலும்பின் பகுதிகள், தொடையெலும்பின் ஒரு துண்டு, கீழ்க்கால் எலும்பு, முன்கையெலும்பின் துண்டு, வால் முள்ளெலும்பு. கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். ஆளை நிறுத்தினால் தலைக்கு மேல் போகும். இவ்வளவையும் அவர்கள் சேர்த்த இடம் கார்னோசார், அதாவது பெரிய ஊனுண்ணி.

அந்த வகைப்பாடு சரியாக இருந்திருந்தால் டைரனோசாரஸெல்லாம் அதன் பக்கத்தில் ஆட்டுக்குட்டி. 1995இல் சங்கர் சாட்டர்ஜி இது ஊனுண்ணியே இல்லை, நீளக் கழுத்துத் தாவர உண்ணியான சௌரோபாட் என்று மாற்றினார். இன்று அதைத்தான் எல்லாரும் ஏற்கிறார்கள். ஊனுண்ணி என்ற முடிவு எப்படி வரும் என்று யோசித்தால் துண்டு எலும்பின் தொல்லை புரியும். கால் எலும்பில் யார் எவர் என்று சொல்வது இரண்டு முனைகளும்தான்: மூட்டு எப்படி உட்கார்ந்தது, தசை எங்கே பிடித்தது, எந்த மேடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. முனை தேய்ந்துவிட்டால் மிச்சம் ஒரு தண்டு. தண்டை வைத்துக்கொண்டு கனத்தைச் சொல்லலாம், குடும்பத்தைச் சொல்வது கஷ்டம். இதில் இன்னொரு சிக்கல், முதல் கட்டுரையில் படங்கள் போதவில்லை. வேறு நாட்டில் உட்கார்ந்து படித்தவர்கள் எதையும் சரிபார்க்க முடியாமல், இது எலும்பா, கல்லான மரமா என்றுகூடக் கேட்டார்கள். அந்த வட்டாரத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் படுத்துக் கிடக்கிறது. சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எலும்பை எடுத்துப் பார்த்துவிடலாமே என்றால், எலும்பு இல்லை. களத்தில் போட்ட பிளாஸ்டர் கட்டுக்குள்ளேயே நொறுங்கித் தூளாகிவிட்டது என்பதை 2017இல் கால்டனும் அய்யாசாமியும் அச்சில் சொன்னார்கள். 2022இல் அய்யாசாமியும் பாலும் பழைய கள நிழற்படங்களை வெளியிட்ட பிறகுதான் மரம் என்ற பேச்சு அடங்கியது. 2 மீட்டர் எலும்பு போய், அதன் நிழற்படம் சாட்சியாக நிற்கிறது.

மழைநாட்டில் எலும்பு எடுப்பவர்களுக்கு இந்தப் பகுதி தனியாக. எலும்பைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, அதைப் பீடத்தில் நிற்பது போல விட வேண்டும். மேலே ஈரமான மெல்லிய காகிதம் மூன்று நான்கு அடுக்கு, எலும்பின் எல்லாக் குழிவிலும் ஒட்டும்படி. இதை விட்டால் பிளாஸ்டர் எலும்பையே பிடித்துக்கொள்ளும், பிறகு பிரிக்கும்போது எலும்பின் தோலோடு வரும். அதன்மேல் கோணிச்சாக்குப் பட்டைகளைப் பிளாஸ்டர் பாலில் முக்கி, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி சுற்ற வேண்டும். இரண்டு அடுக்குக்குக் குறையக் கூடாது. நீளமான எலும்பு என்றால் நெடுக ஒரு மரச்சட்டம் வைத்துச் சேர்த்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் புரட்டும்போது நடுவில் முறியும். பிளாஸ்டர் கால் மணி நேரத்தில் இறுகிவிட்டது போலத் தெரியும். இந்தக் காற்றில் உள்ஈரம் போக நாள்கணக்கில் ஆகும். இறுகியதும் அடியை அறுத்து, ஒரே வீச்சில் புரட்டி, அடிப்பக்கத்தையும் மூட வேண்டும்.

பசை விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 காய்ந்த எலும்புக்கு நல்ல மருந்து. ஈர எலும்பில் ஊற்றினால் மேலே வெள்ளையாகப் படிந்து நின்றுவிடும், உள்ளே இறங்காது. ஈரமாக இருந்தால் நீரில் கலக்கும் பால்பசைதான் சரி. களிமண்ணோடு ஒட்டிய எலும்பை வெயிலில் காயவைப்பது இன்னொரு கொலை. களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், சுருங்கும்போது எலும்பையும் பிளக்கும். மண்ணோடு சேர்த்தே கட்டி, நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள்.

அதே கல்லமேட்டுப் பாறையில் பிற்காலத்தில் சின்னப் பற்களும் கிடைத்தன. 2013இல் வெளியான ட்ரூடோன்டிட் (பறவைக்கு நெருங்கிய சிறு டைனோசர் குடும்பம்) பல் ஒன்று அப்படி. மில்லிமீட்டரில் அளந்த பல் தப்பித்தது, மீட்டரில் அளந்த எலும்பு வழக்கில் நிற்கிறது.

நான்காம் நாள்: கித்தாக் கொட்டையும் பெயர்ச் சட்டமும்

மழை விட்டது. ஊருக்கு வெளியே செம்பனைக்கு நடுவில் மிஞ்சிய கித்தாமரங்களின் அடியில் கொட்டை உதிர்ந்து கிடக்கிறது. சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைக்கும் அதே கொட்டைதான். ஓட்டின் மேல் உள்ள புள்ளியும் கோடும் வடிவமும் பார்த்து இது எந்த ரகம் என்று பழகினவர்கள் சொல்லிவிடுவார்கள். தோட்டங்களில் ஏராளமாக நட்ட ஆர்ஆர்ஐஎம் 600 மரத்தின் கொட்டை ஒரு மாதிரி, பிபி 86 இன்னொரு மாதிரி. எப்படி முடிகிறதென்றால், கொட்டையின் ஓடு முழுக்கத் தாய்மரத்தின் திசு. மகரந்தம் எங்கிருந்து வந்திருந்தாலும் ஓட்டில் தெரிவது தாயின் கையெழுத்து. ஆனால் அந்த ஓட்டைப் பார்த்து உள்ளே இருக்கும் பருப்பின் தகப்பனைச் சொல்லச் சொன்னால் யாராலும் முடியாது.

துண்டு எலும்பும் இப்படித்தான். ஒவ்வொரு துண்டுக்கும் பதில் தெரிந்த கேள்வி ஒன்று உண்டு, வாயே திறக்காத கேள்வி பத்து உண்டு.

1979இல் மடகாஸ்கரின் ஒரு மண்டையோட்டுத் துண்டை, மேலே குமிழ் போலத் தடித்திருந்ததால், முட்டிமோதும் தாவர உண்ணியான பாக்கிசெஃபலோசார் என்று வகைப்படுத்தி மஜுங்காதோலஸ் என்று பெயர் வைத்தார்கள். தென்கண்டங்களில் அந்த வகை முதன்முதலாகக் கிடைத்தது என்று பெரிய செய்தி. 1996இல் அதே தீவில் அதே குமிழோடு கிட்டத்தட்ட முழு மண்டையோடு வந்தது. வாயில் ரம்பப்பல். நெற்றிக் கொம்புள்ள ஊனுண்ணி அது. அதற்கு நூறு ஆண்டுக்கு முன், 1896இல், அதே விலங்கின் பற்களுக்கு மெகலோசாரஸ் கிரெனாட்டிசிமஸ் என்று பெயர் போயிருந்தது. அப்போதெல்லாம் பெரிய ஊனுண்ணி என்றாலே மெகலோசாரஸ் பையில் போடுவார்கள். 1824இல் பக்லண்ட் வைத்த அந்தப் பெயர் உலகம் முழுக்க ஒரு நூற்றாண்டு குப்பைத்தொட்டியாக உழைத்திருக்கிறது.

இந்தியாவின் ஜபல்பூர் எலும்புகளுக்கும் இதே பாடு. 1933இல் இண்டோசூகஸ், இண்டோசாரஸ் என்று பெயர் பெற்றவை அலோசார் உறவு, டைரனோசார் உறவு என்று வீடு மாறிக்கொண்டே இருந்தன. 1985இல் அர்ஜென்டினாவில் அபெலிசாரஸ் வந்த பிறகுதான், இப்படி ஒரு குடும்பமே தனியாக இருந்தது என்று தெரிந்தது. எலும்பு மாறவில்லை, ஒப்பிட எதிரே நிற்கும் விலங்குகளின் வரிசை மாறியது.

சமீபத்திய கூத்து அமெரிக்காவில். 1995இல் பெயர் பெற்ற சௌரோஃபாகநாக்ஸ், பல்லிகளைத் தின்னும் அரசன், ஓக்லஹோமாவின் மாநிலப் புதைபடிவம். 2024 டிசம்பரில் வந்த ஆய்வு, அந்தப் பெயரைச் சுமக்கும் மூல மாதிரியான முதுகெலும்புத் துண்டு சௌரோபாடுடையதாகவே தெரிகிறது என்றது. அதே குழியில் இரண்டு வகை விலங்கும் கலந்து கிடந்தன. பெயரிடும் சட்டப்படி பெயர் மூல மாதிரியோடு கட்டியது. மாதிரி எங்கே போகிறதோ பெயரும் அங்கேதான். ஆகவே ஊனுண்ணி எலும்புகளுக்கு அலோசாரஸ் அநாக்ஸ் என்று புதுப்பெயர் வைக்க வேண்டிவந்தது. பல்லி தின்னும் அரசன் என்ற பட்டம் இலை தின்றவனிடம் மாட்டிக்கொண்டது.

கணினி இருக்கிறதே, யாருக்கு யார் உறவு என்று கிளைமரம் போட்டுச் சொல்லிவிடாதா என்றால், அங்கேயும் சிக்கல் உண்டு. ஒரு விலங்குக்கு ஒரு வரிசை, ஒரு பண்புக்கு ஒரு நிரல். இருந்தால் 1, இல்லாவிட்டால் 0, எலும்பே கிடைக்காவிட்டால் கேள்விக்குறி. ஒற்றைப் பல்லின் வரிசையில் இரண்டு மூன்று எண், மிச்சமெல்லாம் கேள்விக்குறி. அது மரத்தில் பத்து இடத்தில் சமமாகப் பொருந்தும். எல்லா மரத்துக்கும் பொதுவான மரம் கேட்டால் மற்ற விலங்குகளின் கிளையையும் இழுத்துக் குலைத்து, சீப்புப் போல ஒரே கணுவில் எல்லாரையும் நிறுத்திவிடும். அந்த ஒன்றை எடுத்துவிட்டு ஒருமுறை, வைத்து ஒருமுறை என்று இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். பல்லின் அளவுகளை மட்டும் வைத்துக் குழு பிரிக்கும் கணக்கு இன்னும் ஆபத்து. பட்டியலில் உள்ள குழுக்களில் ஒன்றில் கட்டாயம் தள்ளிவிடும். உண்மையான உறவுக்காரன் பட்டியலிலேயே இல்லை என்றால், பக்கத்து வீட்டுக்காரன் பெயரைத்தான் சொல்லும். நூற்றுக்குத் தொண்ணூறு என்று நம்பிக்கை விகிதமும் சேர்த்துச் சொல்லும்.

ஐந்தாம் நாள்: தெம்பெலிங் ஆறு

ஜெராண்டுட் வழியாகக் கோலா தெம்பெலிங் படகுத்துறை. அங்கிருந்து கோலா தஹான் வரை ஆற்றில் சுமார் 60 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். கரையில் தெரியும் செம்மணற்பாறையும் களிப்பாறையும் தெம்பெலிங் தொகுதி, ஜுராசிக் பிற்பகுதியும் கிரிட்டேசியஸ் முற்பகுதியும். ஆற்றுநீர் தொட்ட இடம் கருஞ்சிவப்பு, புதிதாக உடைந்த இடம் செங்கல் நிறம். கூழாங்கல் அடுக்கு, அதன்மேல் மணல், அதன்மேல் களி என்று பழைய ஆறு இடம் மாறிய கதை குறுக்கே தெரியும். பல் கிடைத்தால் கூழாங்கல் அடுக்கின் அடியில்தான் கிடைக்க வாய்ப்பு. கனமானதெல்லாம் அங்கேதான் தங்கும். தேய்ந்த பல்லும் அங்கேதான் அதிகம்.

இது தேசியப் பூங்கா. சுத்தியல் எடுத்துப்போகக் கூடாது, கல் எடுக்கவும் கூடாது. ஏதாவது கண்ணில் பட்டால் பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயம் வைத்து, நேர்மேலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றுமாகப் படம் எடுத்து, கைப்பேசியில் இடக்குறியைச் சேமித்து, கனிம, புவி அறிவியல் துறைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அனுப்புங்கள். இடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். அடுக்கிலிருந்து பெயர்த்து எடுத்த பல்லுக்கு வயது சொல்ல முடியாது, எந்த அடுக்கு என்பது போய்விடும்.

2014இல் அறிவித்த அந்தப் பல்லுக்கு இனப்பெயர் வைக்கவில்லை. ஸ்பைனோசாரிட் குடும்பம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். தாய்லாந்தில் சயாமோசாரஸ், லாவோஸில் 2012இல் பெயர் பெற்ற இக்தியோவெனேட்டர், இரண்டுக்கும் நடுவில் பகாங் பல் யாருக்குச் சொந்தம் என்பதற்குத் தாடையோ முதுகெலும்போ வர வேண்டும். அதே 2014இல் பகாங்கிலிருந்தே தாவர உண்ணிப் பல் ஒன்றும் வந்தது. அதற்கும் இனப்பெயர் இல்லை.

படகில் போகிறவர்களுக்கு: மழை குறைந்த மாதங்களில் நீர்மட்டம் இறங்கி, சில வளைவுகளில் படகு மணலில் உட்காரும். இறங்கித் தள்ள வேண்டியிருக்கும், சறுக்காத காலணி போட்டுக்கொள்ளுங்கள். கேமராவை நெகிழிப் பையில் கட்டி மடியில் வையுங்கள், படகின் அடியில் வைத்தால் ஐந்தே நிமிடத்தில் நனையும்.